மூக்கிலிருந்து புறப்பட்ட கலங்கள்

என் மூக்கு எடுப்பான மூக்கு. அப்பாவுடைய மூக்கு அப்படியே வந்திருக்கிறது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அது பார்வைக்கு மட்டும்தான் என்பது இருபத்தாறு வயதில் கண்டி ஆஸ்பத்திரியில்தான் எனக்குத் தெரியவந்தது. மணம் என்ற ஒன்று எனக்கு இல்லை என்று அதுவரைக்கும் எனக்கே தெரியாது. என்னோடு படிப்பிக்கும் டீச்சர்மாரிடம் இதைச் சொன்னால் நம்பாமல் சிரிக்கிறார்கள். பிறக்கும்போதே இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படியம்மா கண்டுபிடிப்பது? நீங்களே சொல்லுங்கள்.

வாசம், நாற்றம் என்பதையெல்லாம் நான் மரியாதைப் பேச்சு என்றே நினைத்திருந்தேன். ஒரு வீட்டில் கறி ஆக்கி வைத்தால் "நல்ல வாசம்" என்று சொல்ல வேண்டும். மாட்டுக்கொட்டிலைத் தாண்டும்போது முகத்தைச் சுளிக்க வேண்டும். பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பதைப்போல இதுவும் ஒரு பழக்கம் என்று சின்னதிலேயே பழகிக்கொண்டேன். எங்கள் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், மஸ்கெலியாப் பக்கம், தேயிலை ஃபெக்டரிக்குக் கீழே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கியதும் மூச்சை இழுத்து "ஆகா" என்பார்கள். நானும் இழுத்து "ஆகா" என்பேன். எனக்குக் குளிர் காற்றுதான் உள்ளே போகும். அவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் என் காலம் ஓடியது. வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினால் நானும் பொத்துவேன். தனியாக இருக்கும்போதுதான் வில்லங்கம். பால் தீய்ந்து, புகை கண்ணைக் கரித்த பிறகுதான் அடுப்பைத் திரும்பிப் பார்ப்பேன். புளித்துப்போன சோற்றை வாயில் வைத்த பிறகுதான் துப்புவேன். "எந்தக் கோட்டையப் புடிக்க யோசிச்சிக்கிட்டு நிக்கிற?" என்று அம்மா ஏசுவாள்.

பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது ஒருத்தி, விளையாட்டாகத்தான், என் சட்டை நாறுகிறது என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். சட்டையை முகத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். துணிதான் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. ஹட்டன் குளிரில் காலையும் மாலையும் தலைக்குக் குளிப்பேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் யாருக்கும் பக்கத்தில் உட்கார மாட்டேன். யாராவது கட்டிப்பிடிக்க வந்தால் ஒதுங்கிக்கொள்வேன். தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வந்தது. வந்த பேரை நான் மறுக்கவில்லை. நாறுகிறவள் என்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி மற்ற விஷயம். எழுதக் கை கூசுகிறது. ஆனால் என்னைப்போல ஒரு பிள்ளை ஏதோ ஒரு லயத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அல்லவா, அதற்காக எழுதுகிறேன். நான் வயதுக்கு வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளை பெரியவளானால் அடுத்த நாள் காலை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். தாய்மாமன் வந்து தழை வெட்டி மறைப்புக் கட்டி, தண்ணீர் ஊற்றி, சீர் வைத்து, ரேடியோ செட் போட்டு லயமே அமளிப்படும். என்னோடு விளையாடியவர்கள் ஒவ்வொருத்தியாக அந்த மறைப்புக்குள் போய்ச் சேலையோடு வெளியே வந்தார்கள். எனக்குப் பின்னால் பிறந்தவர்களும் போனார்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அப்பா நான் கைக்குழந்தையாய் இருக்கும்போதே இறந்துவிட்டார். கொழுந்து பறிக்கும் மலையில் பக்கத்து நிரைக்காரிகள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெண்தானா என்றுகூட ஒருத்தி கேட்டாளாம். அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

எனக்குப் பதினேழு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என்னைக் கதவுக்குப் பின்னால் உட்காரவைத்தாள்.

"இவங்க வாய மூட முடியல பாப்பா. வந்துருச்சின்னு சொல்லிட்டேன். நீ தலையக் குனிஞ்சிக்கிட்டு பேசாம இரு, மிச்சத்த நாம் பாத்துக்கிறேன்."

மாமா உடப்புசல்லாவையிலிருந்து பஸ் மாறி மாறி வந்தார். ரோஸ் நிறச் சேலை, தட்டுத் தட்டாய்ச் சீர். அவருக்கும் தெரியாது. உண்மை தெரிந்த ஆட்கள் அம்மாவும் நானும்தான். அன்றைக்கு எடுத்த படங்களில் என் முகத்தைப் பார்த்தால் கோழி திருடிப் பிடிபட்டவள் மாதிரி இருக்கும்.

பொய் அன்றோடு முடிந்தால் பரவாயில்லை. மாதா மாதம் அதற்குத் தீனி போட வேண்டியிருந்தது. மூன்று நாள் நான் சாமிப்படத்துப் பக்கம் போகக் கூடாது. திருவிழாவே நடந்தாலும் கோயிலுக்குப் போகக் கூடாது. அழுக்கே படாத பழந்துணிகளை அம்மா தண்ணீர் விழும் பீலிக்கரையில், நாலு பேர் இருக்கும் நேரம் பார்த்துக் கசக்கி, லயத்துக்குப் பின்னால் கொடியில் போடுவாள். நான் உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். யாரிடம் சொல்வது?

பிறகு நான் டீச்சராகி ஹட்டனில் அறை எடுத்துத் தங்கினேன். கொடித்துணி வேலை ஒருவழியாக நின்றது. அப்போதுதான் மாமா தன் மகனுக்கு என்னைக் கேட்டார். சீர் வைத்தவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அம்மாவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கிலி ஒரு பக்கம். எனக்கு வெறும் கிலிதான். அம்மாவைப் பிடித்து இழுக்காத குறையாக ஹட்டனில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கண்டிக்கு எழுதிக் கொடுத்தார்.

கண்டி கிளினிக்கில் வாங்கு வாங்காக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் துணையோடு வந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் நானும் கோபித்துக்கொண்டவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். டொக்டர் இளம் பெண். சிங்களம், ஆனால் தமிழ் ஓரளவு பேசினார். எத்தனை வயதில் வந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"பதினேழுல வந்திச்சி, டொக்டர். நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்திச்சி. பொறகு நின்னு போச்சி."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பாவி, டொக்டரிடமுமா! ஊரைக் கூட்டி உண்டாக்கிய பொய்யைப் பெற்றவள் பக்கத்தில் இருக்கும்போது நான் எப்படி உடைப்பது? அதை எழுதி வைத்தால் எப்படியாவது தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிடும் என்று அவளுக்குப் பயம். நானும் அந்தக் கலண்டரையே பார்த்தேன்.

அந்த ஒரு சொல்லால் என் வைத்தியம் வேறு பாதையில் போனது. ஒருபோதும் வராதது வேறு, வந்து நின்றது வேறு. நன்றாக வந்துகொண்டிருந்தது நின்றால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முட்டை உண்டாகும் சூலகத்துக்கு மூளையிலிருந்து போக வேண்டிய உத்தரவு போகவில்லை என்று வந்தது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது, அந்த உத்தரவு அதன் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஒரு கட்டி வளர்ந்து அமுக்கிக்கொண்டிருக்கலாம், வார்டில் இருங்கள், தலையைப் படம் எடுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். சாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூளையில் கட்டி என்றால் நமக்கு வேறு என்ன ஞாபகம் வரும்?

வார்டு நாட்களை நான் சாவுக்குத் தயாராகிக்கொண்டுதான் கழித்தேன். இல்லாத கட்டிக்குப் பயந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது என் தலைக்குள் இருந்தது, தடவிக்கூடப் பார்த்தேன். அம்மா விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துப் பகல் பார்வை நேரத்துக்கு வந்து, ரொட்டியும் கட்டச்சம்பலும் தந்து, கடைசி பஸ் போய்விடும் என்று ஓடுவாள். வந்த நாளெல்லாம் அவளுக்கு அன்றைய சம்பளம் போனது. அவள் போன பிறகு கட்டிலில் கிடந்து கூரையைப் பார்ப்பேன். பக்கத்துக் கட்டிலில் கேகாலைப் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருவர் இருந்தார். அவர் வீட்டிலிருந்து இலைக்கஞ்சி வரும். ஒரு கோப்பை எனக்கும் ஊற்றித் தருவார். வாசனை எப்படி என்று அவர் கேட்டால், மிக நல்லது என்று சிங்களத்தில் சொல்வேன். அந்த அம்மாவின் முகம் மலரும். செத்துப்போகிற நேரத்திலும் நடிக்கிறேனே என்று இருந்தது.

படம் எடுக்கும் மெஷின் ஒரு குழாய். காந்தத்தால் உடம்புக்குள் பார்க்கிறதாம். தலையை அசையாமல் பிடித்து உள்ளே தள்ளினார்கள். தகரக் கூரையில் கல் விழுவதுபோல ஒரே சத்தம். வெளியே ஆள் இருக்கிறது, கையில் தந்த பந்தை அமுக்கினால் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அமுக்கவில்லை. யார் வந்து என்ன செய்யப்போகிறார்கள் என்று கிடந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்வை நேரத்தில் டொக்டர் வந்தார். அம்மா அப்போதுதான் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். டொக்டர் கையில் ஒரு சின்னப் போத்தல். கட்டி எதுவும் இல்லை என்றார் முதலில். அம்மா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். பிறகு டொக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, போத்தலை மூக்குக்குக் கீழே பிடித்து, இது என்ன என்று கேட்டார்.

கண்ணை மூடிவிட்டால் நான் யார் முகத்தைப் பார்த்துச் சொல்வது? வாழ்க்கையில் முதல்தடவையாக மாட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரிதானே என்று நினைத்து, "சவர்க்காரமா டொக்டர்?" என்றேன்.

"என்னடி ஒளர்ற? கோப்பித்தூள் வாசம் தெரியலயா?" என்றாள் அம்மா.

கண்ணைத் திறந்தேன். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. டொக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மூளையின் முன்பக்கத்தில், மூக்குக்கு மேலே, மணத்தை வாங்கும் இரண்டு சின்னக் குமிழ்கள் எல்லாருக்கும் இருக்கும், இவருக்கு அவை இல்லை, பிறக்கும்போதே இல்லை என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், உண்மையில் இவருக்கு ஒரு தடவையாவது வந்ததா என்று.

அம்மா ரொட்டிப் பொட்டலத்தைத் திரும்பக் கட்டினாள். முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள். பக்கத்துக் கட்டில் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வரல, டொக்டர். ஒரு நாளும் வரல. நாந்தான் வந்திச்சின்னு ஊரக் கூட்டி தண்ணி ஊத்துனேன்."

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மூக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். நாம் தாயின் வயிற்றில் விரலளவுகூட இல்லாத காலத்தில், மணத்தை அறியும் கலங்கள் மூக்கு வரப்போகும் இடத்தில் பிறக்கின்றன. கலம் என்றால் உடம்பு கட்டப்பட்டிருக்கும் மிகச் சின்னத் துண்டு. அவை அங்கிருந்து மூளைக்கு நூல் நூலாய் நரம்பை நீட்டுகின்றன. அந்த நூல்களையே பாதையாகப் பிடித்துக்கொண்டு வேறொரு கூட்டம் மூக்கிலிருந்து மூளைக்குள் நடந்து போகிறது. கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, கொஞ்சம் கலங்கள்தான். அவை மூளைக்கு அடியில் போய்க் குடியேறி, பல வருஷம் சும்மா இருந்து, உரிய வயது வந்ததும் இந்தப் பிள்ளை பெரியவளாகட்டும் என்று அந்தப் பட்டாணிச் சுரப்பிக்கு உத்தரவு போடுகின்றன. எனக்குப் பாதை போடும் நூல்கள் போய்ச் சேரவில்லை. பின்னால் போனவை நடுவழியில் நின்றுவிட்டன. மண் சரிந்து ரோட்டே இல்லாமல் போன மலைக்குப் பெரட்டு வைத்தால் யார் வந்து வேலை செய்வது? இந்த நோய்க்கு ஒரு வெள்ளைக்காரருடைய பேர் வைத்திருக்கிறார்கள்.

ஆகக்கூடி, என் இரண்டு குறையும் ஒரே குறை. நான் ஒன்றை அறியாமல் மறைத்தேன். அம்மா ஒன்றை அறிந்து மறைத்தாள். இரண்டில் எதையாவது ஒருத்தி சும்மா சொல்லியிருந்தால் பத்து வருஷத்துக்கு முந்தியே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். அதை நினைத்து அன்றைக்கு அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் பஸ்ஸுக்கு நேரமாகியும் போகாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் டொக்டர் இன்னொன்றும் சொன்னார். மற்றப் புலன்களைவிட மணத்துக்கு மூளையில் சுற்று வழி குறைவாம். பயம், பாசம், ஞாபகம் எல்லாம் இருக்கும் இடத்துக்கு அது சீக்கிரமாகப் போய்விடுகிறது. ஆபத்தை உணர்வது, சாப்பாட்டில் ஆசை வைப்பது, ஆட்களோடு ஒட்டிக்கொள்வது இதிலெல்லாம் அதற்குப் பங்கு உண்டு. கைக்குழந்தை தாயைக் கண்டுபிடிப்பதிலும் உண்டு. இதைக் கேட்டதும் அம்மா அழத் தொடங்கினாள். கொழுந்து மலையிலிருந்து பால் கொடுக்க, தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வருவாளாம். மற்றக் குழந்தைகள் தாய் கிட்ட வந்ததுமே துழாவிக்கொண்டு திரும்புமாம். நான் மட்டும் யார் தூக்கினாலும் போவேனாம்.

"என்னயத் தேடவே மாட்டா, டொக்டர். நாம் பெத்த புள்ளைக்கி என்னயப் புடிக்கலன்னே இத்தன வருசமா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அதற்கு இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, குழந்தை குரலிலும் தாயை அறியும் என்றார் டொக்டர். அம்மாவுக்கு அந்தப் பாதிக் காரணமே போதுமாக இருந்தது. முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். என் முகத்தில் ஒன்றும் இருக்கவில்லை, இருந்தாலும் துடைத்தாள். நானும் ஒதுங்காமல் இருந்தேன்.

மணம் இனி வராது. குமிழே இல்லாதபோது மருந்து எங்கே போய் வேலை செய்வது? உடம்புக்கு வழி இருந்தது. மூளை போடாத உத்தரவின் வேலையைத் தினமும் விழுங்கும் குளிசை செய்யும். கொஞ்சமாகத் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும், பிறகு இன்னொரு குளிசை சேர்த்தால் மாதவிலக்கு வரும். எலும்பு தேயாமல் இருக்கவும் அது வேண்டும். பிள்ளை பெறுவதற்கு ஊசி வைத்தியம் தனியாக இருக்கிறது, நீண்டது, வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் முடிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கெஞ்சிக் கேட்டது ஒன்றுதான். லயத்தில் ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது. மாமாவுக்கு நானே உள்ளதைச் சொல்கிறேன் என்றேன். காலில் விழாத குறையாகத் தடுத்தாள். பிள்ளை மேற்கொண்டு படிக்க வேண்டும் என்கிறாள், இப்போது கல்யாணம் வேண்டாம் என்கிறாள் என்று அவளே அவரிடம் சொல்லி முடித்தாள். டீச்சர் வேலை தலைக்கேறிவிட்டது என்று மாமா கோபித்துக்கொண்டு நுவரெலியாவில் வேறு பெண் பார்த்தார். கல்யாணத்துக்கு எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய். இந்தத் தடவை அது என் தலையில். "தண்ணி ஊத்துனது நீ, பழி எனக்கா?" என்று அம்மாவைக் கேட்டேன். அதன்பிறகு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்கெலியாவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஹட்டன் அறையில் நானும் குளிசை அட்டையும்தான். உடம்பு மெல்ல மாறியது. சட்டைகளைத் தளர்த்தித் தைக்கக் கொடுத்தேன். காரணமில்லாமல் அழுகை வந்தது, பருக்கள் வந்தன. என் வகுப்புப் பிள்ளைகளுடைய அக்காமாருக்கு வரும் பருக்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருக்கும். இருபத்தேழு வயதில் இதைப் போய் யாரிடம் காட்டுவது? பாடசாலையில் டீச்சர்மார் மாதா மாதம் வயிற்றுவலி கதை பேசும்போது நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவேன். பழகிய வேலைதான்.

வந்தது ஒரு சனிக்கிழமை பகல். துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஈரக்கையோடு கட்டிலில் உட்கார்ந்தேன். சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் யாரோ ஸ்வெட்டரைக் காணோம் என்று தேடுவது கேட்டது. இந்த உலகத்தில் இதைச் சொல்ல எனக்கு ஒரே ஒரு ஆள்தான். அவளோடு நான் சரியாகப் பேசிப் பல வாரமாகியிருந்தது. போனில் கோல் எடுத்தேன்.

அம்மா கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றாள். பெண்களின் பேச்சும் காற்றும் கேட்டன.

"அம்மா, வந்துருச்சி."

"என்னாது?"

"அதுதாம்மா. வந்துருச்சி."

 மெதுவாகப் பேசு, ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் வைத்துவிட்டிருப்பேன், பிறகு எப்போது எடுத்திருப்பேனோ தெரியாது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு போனை விட்டு விலகி அவள் சத்தமாகப் பேசினாள். என்னிடம் அல்ல.

"அக்கா, எல்லாரும் கேட்டுக்கங்க. எம் மக இன்னைக்கித்தான் வயசுக்கு வந்திருக்கா."

பேச்சுச் சத்தம் நின்றுபோனது. யாரோ ஒருத்தி, எந்த மகள் என்று கேட்டாள்.

"எனக்கு எத்தன மக இருக்கா? டீச்சர் புள்ளதான். அன்னைக்கி ஊத்துனது பொய்த் தண்ணி. நாந்தான் ஊத்துனேன், அவ மேல ஒரு குத்தமும் இல்ல."

 தராசில் கூடை வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நிறுவையை எழுதும் கண்டாக்கையா அடுத்த பேரைக் கூப்பிட்டார். அம்மாவின் பேர்தான். அவர் இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்.

"செத்த இருங்கய்யா" என்றாள் அம்மா. "மககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."